விஞ்ஞான அறைக்கு நான் அள்ளிய தண்ணீர்

தண்ணீருக்கு ருசி பார்ப்பதில் எங்கள் குடியேற்றத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வெள்ளையாக அவியும், எதில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும், எது வாய்க்காலில் அள்ளியது என்றெல்லாம் ஒரு மிடறில் சொல்லிவிடுவேன். புதுக் கிணறு வெட்டுகிறவர்கள் முதலில் ஊறிய தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு ஊரில் இப்படி ஒரு மதிப்பு இருந்தால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும். அந்தக் கனம் ஒரே ஒரு காலையில் இறங்கியது. அதைத்தான் எழுதப்போகிறேன். எழுத உட்காரும்போதே காது சுடுகிறது.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காடு வெட்டிய முதல் வருடங்களிலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டா. தங்கச்சி அப்போது தவழ்ந்து திரிந்தாள். அப்பா வயலுக்குப் போனார், நான் குசினிக்குள் போனேன். அவளை நடக்கப் பழக்கியது, ஏடு தொடக்கக் கூட்டிக்கொண்டு போனது, பேன் பார்த்தது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் நான்தான். அக்கா என்று அவள் கூப்பிட்டாலும் நான் அவளுக்கு வேறு ஆள். அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு டொக்டராக வேண்டும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் வந்தால் கிளிநொச்சிக்கு வண்டில் கட்டிக்கொண்டு போகவேண்டிய காலம். அம்மாவைப் பற்றி நான் சொன்ன கதைகளிலிருந்து அந்த ஆசை அவளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் விஞ்ஞானம் கிடையாது. வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பிக்கலாம். அதற்கு அப்பாவிடம் எங்கே வழி? இல்லாவிட்டால் என்னைப்போலக் குசினிக்குள் வரலாம். அதற்கு வழி எப்போதும் திறந்துதான் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இளம் மாஸ்ரர் மாற்றலாகி வந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போது தொண்டை அடைக்கும், கோபிக்கவே தெரியாது. மேல்வகுப்பில் விஞ்ஞானம் தொடங்கலாம், ஆனால் அதற்கொரு தனி அறை வேண்டும், பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி வந்து பார்த்து அனுமதி தரவேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எங்கள் சனத்துக்குக் காட்டையே வெட்டிய கை. மண் குழைத்து அரைச்சுவர் எழுப்பிக் கிடுகு வேய்ந்து ஓர் அறையைக் கட்டிக் கொடுத்தது. அப்பாவும் மண் சுமந்தார். அனுமதி வருமுன்னமே மாஸ்ரர் பாடத்தைத் தொடங்கிவிட்டார். என் தங்கச்சிதான் அந்த வகுப்பில் முதல் பிள்ளை.

அன்றிலிருந்து எங்கள் குசினியில் அடுப்பு எரிகிற சத்தத்தோடு இரசாயனமும் கேட்டது. உப்பில் இருப்பது குளோரைட்டு என்பாள். அதற்குக் கூடப்பிறந்தவை மாதிரி புரோமைட்டு, அயடைட்டு என்று இன்னும் இரண்டு உண்டு, மூன்றையும் சேர்த்து ஏலைட்டுகள் என்று சொல்லவேண்டும் என்பாள். தண்ணீரில் கரைந்து நிற்கும்போது மூன்றும் ஒரே மாதிரித் தெளிவாக நிற்கும், பார்த்துச் சொல்ல ஏலாது. கொஞ்சம் நைத்திரிக்கமிலம் விட்டு, அதன் பிறகு வெள்ளி நைத்திரேற்றில் இரண்டொரு துளி விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தயிர் திரண்டதுபோல் வெள்ளையாக வந்தால் குளோரைட்டு. வெள்ளையில் மஞ்சள் சாடையாக ஓடினால் புரோமைட்டு. மஞ்சளாகவே வந்தால் அயடைட்டு. சந்தேகமென்றால் அமோனியா விட்டுப் பார்க்கவேண்டும். குளோரைட்டின் வெள்ளை உடனே கரைந்துபோகும், புரோமைட்டு இழுத்தடிக்கும், அயடைட்டு அசையாது. அரிசி களைந்துகொண்டே எனக்கும் இதெல்லாம் பாடமாகிவிட்டது. வெள்ளி நைத்திரேற்று விரலில் பட்டால் கறுக்கும். அவளுடைய வலதுகைப் பெருவிரலில் அப்படி ஒரு கறை இருந்தது. கோயிலில், சங்கக்கடையில், யாராவது அது என்னவென்று கேட்டால் அவளை முந்திக்கொண்டு நான்தான் விளக்கம் சொல்வேன். எனக்கு அவ்வளவு பெருமை.

வித்தியாதரிசி வருகிற நாள் தெரிந்ததும் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. தாய்மார் சேர்ந்து வளவு கூட்டினார்கள், நிலம் மெழுகினார்கள். மாவிலையும் தோரணமும் ஆண்கள் பாடு. தண்ணீர் விஷயம் என்னிடம் வந்தது. வேறு யாரிடம் வரும்? வாசலில் வைக்கிற நிறைகுடத்துக்கும், வருகிறவர்கள் கால் கழுவவும் குடிக்கவும் நான்தான் அள்ளவேண்டும். பள்ளிக்கூடக் கிணற்றை நான் மதிப்பதில்லை. கோயில் கிணற்றுத் தண்ணீர்தான் எங்கள் பக்கத்தில் முதல்தரம். அது கொஞ்சம் தூரம். பரவாயில்லை என்று விடியற்காலையிலேயே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையாய் நடந்தேன்.

விசேஷ நாளில் முதல்நாள் தண்ணீர் வீட்டில் நிற்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். பானை, குடம், செம்பு எதுவானாலும் பழையதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அலம்பி, அன்று அள்ளியதை நிரப்பவேண்டும். வருகிறவருக்குப் பழந்தண்ணீர் வைப்பது அவரை மதியாத வேலை. அந்த நினைப்போடுதான் விஞ்ஞான அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். மாஸ்ரர் வித்தியாதரிசியை எதிர்கொள்ளச் சந்திக்குப் போயிருந்தார். மேசையில் பெரிய கண்ணாடிப் போத்தல்கள் இரண்டு, நிறையத் தண்ணீரோடு நின்றன. இங்கிலீசில் ஏதோ ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. ஒரு உயிரில்லை. எத்தனை நாள் கிடந்த தண்ணீரோ என்று நினைத்தேன். தங்கச்சி இன்றைக்கு இத்தனை பேருக்கு முன்னால் சோதனை செய்யப்போகிறாள், அவளுக்கு இந்தச் செத்த தண்ணீரா?

இரண்டு போத்தலையும் வேலியோரத்து முருங்கைக்கு ஊற்றினேன். நன்றாக அலம்பினேன். கோயில் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்து, கழுத்துவரை நிரப்பி, மூடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வெளியே வந்தேன்.

வித்தியாதரிசி காரில் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, மூக்குக்கண்ணாடி. மாலை போட்டதும் முகத்தில் ஒரு சலிப்பு. நிறைகுடத்தை அவர் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு அது கொஞ்சம் குறைதான். அறைக்குள் அவரும் மாஸ்ரரும் பிள்ளைகளும் நின்றார்கள். நாங்கள் அரைச்சுவருக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். தங்கச்சி நான் தோய்த்து மடித்து வைத்த வெள்ளைச் சட்டையில் மேசைக்குப் பின்னால் நின்றாள்.

வந்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்களா, கண்ணால் பார்த்துச் சொல்கிறார்களா என்று அவருக்குத் தெரியவேண்டும். நான்கு சோதனைக்குழாயை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தூளைப் போட்டு, அந்தப் போத்தல் தண்ணீரில் கரைத்து வரிசையாக வைத்தார். நான்கும் தெளிவாக நின்றன. எதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

தங்கச்சி குழாய்களைக் கிட்ட இழுத்தாள். முதலாவது குழாயில் துளி விட்டதும் மஞ்சள் திரண்டது. அயடைட்டு என்றாள். இரண்டாவது வெள்ளை, தயிர்போல். அமோனியா விட்டதும் கரைந்தது. குளோரைட்டு. மூன்றாவதில் மஞ்சள் சாடை, அமோனியாவுக்கு லேசில் மசியவில்லை. புரோமைட்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். வெளியே நின்ற எங்களுக்கும் அந்தத் தலையாட்டல் விளங்கியது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையை நான் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

நான்காவது குழாயில் துளி விட்டதும் ஒரு வெள்ளை மங்கல் இறங்கியது. இரண்டாவது மாதிரித் தடிப்பாக இல்லை, ஆனால் வெள்ளைதான். அவள் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். அமோனியா விட்டாள். கரைந்து தெளிந்தது. இதுவும் குளோரைட்டு என்றாள்.

"வடிவாப் பாத்துச் சொல்லும்" என்றார் அவர்.

"ஓம் ஐயா, குளோரைட்டுத்தான்."

அதில் தான் போட்டது வெறும் வெடியுப்பு என்றும், அதில் குளோரைட்டு மருந்துக்கும் கிடையாது, துளி விட்டால் ஒன்றுமே வரக்கூடாது என்றும் அவர் சொன்னார். தங்கச்சியின் முகம் வெளிறியது. மாஸ்ரர் ஓடிவந்து குழாயைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வித்தியாதரிசி ஒரு புதுக் குழாயை எடுத்தார். எந்தத் தூளும் போடாமல் போத்தல் தண்ணீரை மட்டும் விட்டார். அமிலம் விட்டார். வெள்ளி நைத்திரேற்றில் இரண்டு துளி விட்டார். வெறும் தண்ணீரே வெளுத்தது.

அதன் பிறகு அவர் பேசியது முழுக்க மாஸ்ரரோடு. இந்தச் சோதனைக்குக் காய்ச்சி ஆவியாக்கி வடித்த, உப்பு ஒரு துளியும் இல்லாத தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் நாக்குக்குத் தெரியாத உப்பு எப்போதும் இருக்கும். கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி வைத்து வடித்த நீர் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர் எதைப் படிப்பிக்கப்போகிறார் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கார் பற்றறிக்கு விடுகிற வடித்த நீர் விற்கும் கடையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த தண்ணீர் அது என்று மாஸ்ரர் சொன்னார். சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டையோடு சொல்கிற எதுவும் பொய் மாதிரித்தான் கேட்கும். இப்படியான இடத்துக்கு வகுப்புக்கு அனுமதி எழுதிக்கொடுக்க ஏலாது என்று வித்தியாதரிசி தொப்பியை எடுத்தார்.

வெளியே நின்ற சனத்துக்கு வகுப்பு இல்லை என்றது மட்டும் விளங்கியது. எனக்கோ எல்லாமே விளங்கியது. காலிலிருந்து தலைவரை ஒரு சூடு ஏறியது. அத்தனை நாள் தங்கச்சி வாயால் கேட்டுப் பாடமாக்கியவள் நான். உப்பென்றால் வெள்ளை வரும் என்று எனக்குத் தெரியும். நான் மெச்சுகிற தண்ணீருக்குள் உப்பு இருக்கும் என்று மட்டும் தெரியாது. என் நாக்குச் சொல்லாததை நான் எங்கே நம்பினேன்?

பேசாமல் நின்றிருக்கலாம். நான் போத்தலை மாற்றி நிரப்பியதைக் கண்டவர் இல்லை. ஆனால் மாஸ்ரர் அந்த மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அரைச்சுவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.

"ஐயா, அவர் வாங்கினது உண்மை. அதை ஊத்திப்போட்டு நான்தான் வேற தண்ணி அள்ளி வைச்சனான்."

ஏன் என்று கேட்டார். அவருக்கு முன்னால் என் வாய்க்கு வேறு சொல் வரவில்லை.

"அது செத்த தண்ணி ஐயா. வாயில வைச்சுப் பாத்தனான், சப்பெண்டு கிடந்துது."

ஒரு கணம் அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் மாஸ்ரர் சிரித்தார், பாவம், உயிர் திரும்பி வந்த சிரிப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள். வெளியே நின்ற சனமும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தது. அதை எங்கே ஊற்றினேன் என்று கேட்டு, முருங்கைக்கு என்றதும் இன்னும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. நிலம் பிளந்து என்னை உள்ளே எடுக்காதா என்று இருந்தது. தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

சிரித்து முடிந்ததும் வித்தியாதரிசிக்கு மனம் இளகிவிட்டது. பிள்ளை சொன்னது பிழையில்லை, அந்தக் குழாயில் உண்மையிலேயே குளோரைட்டு இருந்தது, அவ்வளவு மங்கலையும் கண்டுபிடித்த கண் நல்ல கண் என்று மாஸ்ரரிடம் சொன்னார். வகுப்புக்கு எழுதுவதாகச் சொன்னார். தண்ணீரைப் பூட்டி வைக்கவேண்டும் என்றும் சொன்னார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

போகிறபோது இளநீர் குடித்துக்கொண்டே தங்கச்சியைக் கிட்டக் கூப்பிட்டு, மேலே என்ன படிக்க விருப்பம் என்று விசாரித்தார். பிறகு வாசலோரம் ஒதுங்கி நின்ற என்னைக் கண்டார்.

"தண்ணி ருசி பாக்கிற இவா உமக்கு ஆர்?" என்று அவளிடம் கேட்டார்.

அவர் பகிடியாகத்தான் கேட்டார். பிள்ளைகள் மறுபடி சிரிக்கத் தயாராக நின்றார்கள். தங்கச்சி தன் விரலைப் பார்த்தாள்.

"பக்கத்துக் காணி அக்கா" என்றாள்.

எனக்கு முதலில் அவள் சொன்னது காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். வீட்டில் யாராவது பிள்ளைகள் இங்கே படிக்கிறார்களோ என்று கேட்டார். அப்பா ஒரு கை தூரத்தில் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவளை நான் இடுப்பில் வைத்துத் திரிந்ததைக் கண்ட பெண்கள் நின்றார்கள். அவளுக்கு ஏடு தொடக்கிய ஐயரின் மகன் நின்றான். அத்தனை பேருக்கும் தெரியும். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் அவளுடைய மானம் அந்த இடத்திலேயே போய்விடும்.

"இல்லை ஐயா" என்றேன். "சும்மா உதவிக்கு வந்தனான்."

வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டி தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற சனம் அது. அன்றைக்கு அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார் போனது. அப்பா நேரே வயலுக்குப் போய்விட்டார்.

அந்தப் போத்தல் கதை பிறகு தண்ணீரூற்று என்ற தூரத்து ஊர் வரைக்கும் போனது. எந்தக் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் தண்ணீர்ச் செம்பை நீட்டி, ருசி பார்த்துச் சொல்லு என்று என்னைக் கேலி பண்ணுவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. ஒன்றை நான் ஒளிக்காமல் எழுதவேண்டும். அவள் என்னை மறுத்தது எனக்குக் கோபமாக வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளிடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. எனக்கே என்னை உரிமை கொண்டாட வெட்கமாக இருந்தது. சிரிக்கிற வாய்களுக்கு நடுவில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை, இத்தனை வருடத்துக்குப் பிறகு இங்கே எழுதும்போதும், இது நான் என்று சொல்ல எனக்குக் கூசுகிறது.

அன்று பின்னேரம் நான் அடுப்படியில் இருந்தேன். புகை அதிகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். சட்டையைக் கூட மாற்றியிருக்கவில்லை. அக்கா என்றாள். அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. அவள் சொல்லி முடித்தால் நாங்கள் இருவரும் அதைத் திரும்பவும் கேட்கவேண்டி வரும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"வகுப்புக் கிடைச்சிட்டுதெல்லே, போய்ப் படி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்ப் படித்தாள்.